டேப்பும் தேகமும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்

படையில் சேர விரும்பும் இளைஞனைத் துப்பாக்கிக்கு முன்னால் அளவு டேப் சந்தித்துவிடுகிறது. விடியற்காலையில் மைதானத்தில் ஓடிப் பழகும் நண்பர்கள் யாவரும் இதை அறிவர். தரைப்படையின் அக்னிவீர் பொதுப்பணிக்கு வரும் தமிழ்நாட்டு இளைஞன் 166 செ.மீ. உயரமும் 77 செ.மீ. மார்பளவும் உடையவனாக இருத்தல் வேண்டும். மூச்சை உள்ளிழுத்தால் அம்மார்பு மேலும் 5 செ.மீ. விரிய வேண்டும். நம் மாநிலத்து இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் மார்பளவு 81, விரிந்தால் 86. இந்த எண்களை வாய்ப்பாடு போல ஒப்பிக்கும் பிள்ளைகள் கொங்கு நாட்டின் ஊர்தோறும் உண்டு. எங்கள் ஊர் சூலூருக்குப் பக்கம். 2018 முதல் தேஜஸ் விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் பறக்கின்றன. கோவை ரெட்ஃபீல்ட்ஸில் கடற்படையின் ஐ.என்.எஸ். அக்ரணி, மலையேறினால் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம். படை என்பது எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி.

மார்பைச் சுற்றும் டேப் மூச்சின் வலிமையை ஓரளவு சொல்லும். அதே டேப்பைக் கழுத்திலும் வயிற்றிலும் சுற்றி, 'உன் உடம்பில் இத்தனை விழுக்காடு கொழுப்பு' என்று கணக்குச் சொல்லும் முறை ஒன்றும் உண்டு. அமெரிக்கக் கடற்படைக்காக 1980களில் உருவானது அது. பட்டம் பெற்றதும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காக உடற்தகுதி விதிகளைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இம்முறை என் கண்ணில் பட்டது. என் தந்தையார் தையற்காரர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். டேப்பின் அடியில் வளர்ந்தவனுக்கு, டேப் கொழுப்பைக் காட்டுகிறது என்றால் சும்மா இருக்க முடியுமா?

இன்னொரு காரணமும் உண்டு. என் பெரியப்பா மகன் ஒருவன் கபடி ஆடுகிறவன். உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. பாடிப் போனால் நான்கு பேர் பிடித்தாலும் கோட்டைத் தொட்டுவிட்டு வருவான். ஒரு சீருடைப் பணிக்கான தேர்வில் அவனை எடை அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'தின்னு தின்னு பெருத்துட்டான்' என்று உறவினர் ஒருவர் சொல்லிவைக்க, அன்று முதல் இராச் சாப்பாட்டை நிறுத்திவிட்டான். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் பி.எம்.ஐ. என்ற எண் அவனுக்கு 27.6. இந்தியருக்கு 23 தாண்டினாலே கூடுதல் எடை, 25 தாண்டினால் உடற்பருமன் என்பது மருத்துவர் வகுத்த வரம்பு. எனவே தாளின்படி அவன் பருமனானவன். ஆனால் அந்த 78 கிலோ எதனால் ஆனது என்று எந்தத் தாளும் கேட்கவில்லை.

இந்தக் கேள்வியை அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே என்பவர் 1942இலேயே கேட்டுவிட்டார். அவரும் அவருடைய துணைவர் வெல்ஹாமும் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் 25 பேரைச் சோதித்தார்கள். (அமெரிக்கக் கால்பந்து என்பது நம் கால்பந்து அன்று, முட்டி மோதி ஆளைச் சாய்க்கும் ஆட்டம்.) உயர எடைப் பட்டியலின்படி அவர்களில் 17 பேர் படைக்கு லாயக்கற்ற தடியர்கள். நீரில் அமிழ்த்தி எடைபோட்டுப் பார்த்தால், பெரும்பாலோர் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு, அத்தனையும் தசை. பட்டியல் வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பட்டியல்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

நீரில் அமிழ்த்தி எடைபோடுவது ஆர்க்கிமிடீஸ் தத்துவமேயன்றி வேறில்லை. எங்கள் ஊர்க் கிணற்றில் சுரைப்புருடை கட்டிக்கொண்டு நீச்சல் பழகிய எவனுக்கும் இது பாடம் படிக்காமலே தெரியும். தொந்தி உள்ளவர் மல்லாந்து சுகமாக மிதப்பார். எலும்பும் நரம்புமாக இருக்கிறவன் மூச்சை விட்டானோ, கல் மாதிரி அடியில் போய் உட்காருவான். கொழுப்பின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 0.9 கிராம், கொழுப்பு நீங்கிய உடம்பின் அடர்த்தி ஏறத்தாழ 1.1. ஆளைக் காற்றில் ஒரு முறையும், மூச்சு முழுவதையும் வெளியே விடச் சொல்லி நீருக்குள் ஒரு முறையும் எடைபோட்டு, நுரையீரலில் மிஞ்சிய காற்றைக் கழித்தால், முழு உடம்பின் அடர்த்தி கிடைக்கும். வில்லியம் சிரி என்பவர் தந்த சமன்பாடு எளிது: 495ஐ அடர்த்தியால் வகுத்து 450ஐக் கழிக்க வேண்டியதுதான். அடர்த்தி 1.1 என்று போட்டுப் பாருங்கள், விடை சுழி. 0.9 என்று போட்டால் விடை 100. முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்தபோது நான் தனியே சிரித்தேன். இத்தனை அழகான சமன்பாட்டின் அடியில் ஓர் அனுமானம் ஒளிந்திருப்பதையும் சொல்லவேண்டும். எல்லா மனிதருக்கும் தசையும் எலும்பும் சேர்ந்து 1.1தான் என்று அது எடுத்துக்கொள்கிறது. எலும்பு கனத்தவரும் உண்டு, மெலிந்தவரும் உண்டு.

ஒவ்வொரு சிப்பாயையும் தொட்டியில் முக்கிக்கொண்டிருக்க முடியாது. 1984இல் சான் டியாகோ நகரிலுள்ள கடற்படை உடல்நல ஆராய்ச்சி மையத்தில் ஹாட்ஜ்டன், பெக்கெட் என்ற இருவர் இதற்கு வழி கண்டார்கள். சில நூறு கடற்படையினரைத் தொட்டியிலும் எடைபோட்டார்கள். டேப்பாலும் அங்கம் அங்கமாக அளந்தார்கள். எந்த அளவுகளை எப்படிச் சேர்த்தால் தொட்டியின் விடைக்கு மிக அருகில் வருகிறது என்று புள்ளியியல் கொண்டு தேடினார்கள். ஆணுக்குக் கிடைத்த விடை இது: தொப்புள் மட்டத்து வயிற்றுச் சுற்றளவிலிருந்து கழுத்துச் சுற்றளவைக் கழி, மிச்சத்துக்கு மடக்கை காண், உயரத்துக்கும் மடக்கை காண். முதல் மடக்கையை 0.19077ஆல் பெருக்கி 1.0324இலிருந்து கழித்து, இரண்டாவதை 0.15456ஆல் பெருக்கிக் கூட்டினால் அடர்த்தி. பிறகு சிரியின் சமன்பாடு. பெண்களுக்கு இடுப்போடு பிட்டச் சுற்றளவையும் கூட்டிக் கழுத்தைக் கழிக்க வேண்டும், எண்கள் வேறு.

கழுத்தை ஏன் கழிக்க வேண்டும்? நான் படித்த அளவில் இதுவே சுவையான இடம். வயிறு பருப்பது பெரும்பாலும் கொழுப்பால். கழுத்து பருப்பது பெரும்பாலும் தசையாலும் எலும்புக் கட்டாலும். ஆகவே கழுத்து, அந்த ஆளின் கட்டுமானத்துக்குச் சாட்சி சொல்கிறது; 'இவன் பெரிய ஆள்தான், வயிற்றில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்' என்று பரிந்து பேசுகிறது. மூட்டை தூக்குகிறவர், கபடி ஆடுகிறவர், மண்வெட்டி பிடிக்கிறவர் ஆகியோருக்கு அது நல்ல வக்கீல்.

என் அளவுகளையே முதலில் போட்டேன். உயரம் 170, கழுத்து 36, வயிறு 78. விடை 13.7 விழுக்காடு. மகிழ்ச்சிதான். ஆனால் வயிற்றை 79 என்று எழுதினால் 14.6 ஆகிறது. கழுத்தையும் ஒரு செ.மீ. குறைத்து 35 என்று எழுதினால் 15.4. டேப்பைப் பிடிக்கும் கை சற்றே தளர்ந்தாலும் இறுகினாலும் ஒரே ஆள் இரண்டு ஆள் ஆகிவிடுகிறான். ஆய்வகத்தில் வெர்னியர் அளவியில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சண்டை போடுகிற நாம், மனிதனின் பிழைப்பை முடிவு செய்யும் இடத்தில் ஒரு துணிக்கயிற்றை நம்புகிறோம்.

அந்தத் துணிக்கயிற்றைப் பிடிக்கத் தெரிந்தவர் எங்கள் வீட்டிலேயே இருக்க நான் ஏன் கவலைப்பட வேண்டும்? அப்பாவிடம் கேட்டேன். தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே அவர் பாடம் நடத்தினார்.

“டேப்பு தரைக்கு மட்டமா இருக்கோணும் கண்ணு. முன்னால எறங்கிப் பின்னால ஏறுச்சுன்னா ஒரு இஞ்சு போயிரும். தோலைத் தொடோணும், அமுக்கப்படாது.”

“ஆளு வயித்தை எக்கிட்டு நின்னா என்னங்ப்பா பண்ணுவீங்க?”

“எக்காத ஆளே இல்ல. பேச்சுக் குடுக்கோணும். ஊட்டுல எல்லாரும் சவுக்கியமுங்களான்னு கேட்டா பதில் சொல்றதுக்கு மூச்சை வுட்டுத்தானே ஆவோணும்? வயிறு தன்னால எறங்கிரும். அப்ப அளவைப் பாத்துக்கோணும்.”

சாதாரணமாக மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும் என்று படைநூல் சொல்வதும் இதைத்தான். பழைய டேப் நாளாக ஆக நீளும் என்பதையும் அவரே சொன்னார். நம்பாமல் அவருடைய பழைய டேப்பை நம் ஆய்வகத்து மீட்டர் கோலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டேப் காட்டிய ஒரு மீட்டர், கோலின் நுனியைத் தாண்டி முக்கால் செ.மீ. போய் நின்றது. நீண்ட டேப் எல்லோரையும் ஒல்லியாக்கும். கண்ணாடி இழை டேப் புதிதாக ஒன்று வாங்கிய பிறகே மற்ற அளவுகளை எடுத்தேன்.

பெரியப்பா மகனை வரவழைத்தோம். கழுத்து 41, வயிறு 86. விடை 16.6 விழுக்காடு. பட்டியல் பருமன் என்று சொன்ன ஆள், கணக்கில் என்னைவிட மூன்று புள்ளிகூட அதிகமில்லை. “அப்ப நான் குண்டு இல்லியாடா?” என்று இரண்டு முறை கேட்டான். சமன்பாட்டை விளக்கத் தொடங்கினேன். அவன் அதற்குள் பெரியம்மாவைக் கூப்பிட்டுச் சோறு போடச் சொல்லிவிட்டான்.

ஆனால் நண்பர்களே, இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லாவிட்டால் நான் இயற்பியல் மாணவன் ஆகமாட்டேன். இந்தச் சமன்பாட்டின் மதிப்பீட்டுப் பிழை ஏறத்தாழ மூன்றரைப் புள்ளி. பதினேழு என்று வந்தால் உண்மை பதின்மூன்றரையும் ஆகலாம், இருபதரையும் ஆகலாம். மூவரில் ஒருவருக்கு அந்த எல்லையையும் தாண்டலாம். ஆயிரம் பேரின் சராசரியை அறிய இது நல்ல கருவி. ஒரே ஒருவனை நிறுத்தி, 'வரம்பைவிட ஒரு புள்ளி அதிகம், வெளியே போ' என்று சொல்ல இதற்குத் தகுதி போதாது. அமெரிக்கர்களே இதை உணர்ந்தார்கள் என்று தோன்றுகிறது. 2023இல் அவர்களுடைய தரைப்படை, உடற்தகுதித் தேர்வில் 600க்கு 540 பெற்றவர்களுக்குக் கொழுப்பு அளவிலிருந்து விலக்களித்தது. அதே ஆண்டில் கழுத்தை விட்டுவிட்டு, வயிற்றளவையும் எடையையும் மட்டும் கொண்ட புதிய கணக்குக்கு மாறியது. பாவம், நம் வக்கீலை அங்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

நம் நாட்டு விதிகளிலும் டேப்புக்கு இடம் உண்டு. அதிகாரிகள் தேர்வு அறிவிப்புகளின் மருத்துவப் பகுதியில் படித்தேன்: எடை அதிகமுள்ளவர் மற்போர், குத்துச்சண்டை, உடற்கட்டுப் பயிற்சி செய்தவர் என்பதற்குச் சான்று காட்டினால் பரிசீலிக்கலாம், ஆனால் இடுப்பளவு ஆணுக்கு 90 செ.மீ.க்குள், பெண்ணுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். இடுப்பைப் பிட்ட அளவால் வகுத்தால் முறையே 0.9, 0.8க்குள் வர வேண்டும். இரத்தச் சோதனைகள் சரியாக இருக்க வேண்டும். இவை நல்ல விதிகள். அதோடு பி.எம்.ஐ. 25க்குக் கீழ் இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி. தசையால் எடை கூடியவனுக்குத் தரும் சலுகையில், தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாத அந்த எண்ணையே நிபந்தனையாக வைத்திருப்பது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. பென்கேயின் கால்பந்து வீரர்கள் வந்தாலும் இந்த வாசலில் நின்றுதான் போவார்கள்.

இதுவரை எழுதியது படைக்குப் போகிறவர்களைப் பற்றி. என்னை இக்கட்டுரை எழுத வைத்தது வேறு.

எங்கள் இருவரையும் அளந்து முடித்த அன்று, “நீங்களும் நில்லுங்ப்பா” என்றேன். அப்பா சிரித்தார். “எனக்கென்னடா, ஒல்லிக்குச்சி. பதினஞ்சு வருசமா அதே முப்பத்திரண்டு பேண்ட்டுத்தான்” என்றார். உயரம் 163, எடை 58. பி.எம்.ஐ. 21.8, எந்தப் பட்டியலும் குறை சொல்லாது. ஊரில் யாரைக் கேட்டாலும் 'தையக்காரரா? அவருக்கு என்ன, காத்தடிச்சா பறந்துருவாரு' என்பார்கள். கழுத்து 34. தொப்புள் மட்டத்தில் டேப்பைச் சுற்றினேன். 91.

அப்பாவே டேப்பை வாங்கி மறுபடியும் வைத்துப் பார்த்தார். 91தான். பேண்ட் அளவு 32 அங்குலம் என்றால் 81 செ.மீ. ஆகவேண்டுமே என்று நான் குழம்பினேன். தொழில்காரர் அவர், உடனே கண்டுபிடித்துவிட்டார். பேண்ட் கட்டுவது இடுப்பெலும்பின் மேல்; எலும்பு பருப்பதில்லை. வயிறு பேண்ட்டுக்கு மேலே பானை மாதிரி முன்னால் வளர்ந்துகொண்டே போக, பேண்ட்டின் எண் மட்டும் பதினைந்து ஆண்டுகளாக மாறாமல் அவரை ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. லூசாகத் தைத்த சட்டை, வயிற்றையும் மறைத்துவிட்டது. கணக்குப் போட்டேன். 26.3 விழுக்காடு. 2002ஆம் ஆண்டின் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை விதியில் ஆண்களுக்குத் தந்த மிகத் தளர்ந்த வரம்பு 26. பட்டியல் பருமன் என்று சொன்ன கபடிக்காரனுக்கு 16.6, பட்டியல் சரி என்று சொன்ன என் தந்தைக்கு 26.3.

இது என் வீட்டின் விந்தை மட்டுமன்று என்று பிறகு தெரிந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் ஆகிய இருவரும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையும் பக்கம் பக்கமாக வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. அச்சாக ஒன்றே, 22.3. ஆங்கிலேயர் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, நம்மவர் உடம்பில் 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளுக்குள் கொழுப்பு. இது பிறவியிலேயே தொடங்குகிறது என்பது யாஜ்னிக் குழுவினரின் கருத்து. புனேயை அடுத்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஒப்பிட்ட ஆங்கிலக் குழந்தைகளுடையது 3.5 கிலோ. ஆனால் எடையில் இழந்ததெல்லாம் பெரும்பாலும் தசையும் உள்ளுறுப்புகளும். கொழுப்பை அந்தச் சின்ன உடம்பு பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தது. கருவுற்ற தாய்மார்கள் அரைவயிற்றோடு காட்டுவேலை செய்த ஊர்கள் அவை. இதை நான் படித்துச் சொன்னபோது எங்கள் ஆத்தா, “உங்கப்பன் பொறக்கறப்ப எலிக்குஞ்சு மாதிரிதான் இருந்தான். கடலைக்காட்டுல கடைசி நாள் வரைக்கும் களையெடுத்தேன்” என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

இந்தச் சமன்பாடு அமெரிக்கக் கடற்படையினரின் உடம்புகளை வைத்துச் செய்தது. நம்மவர் உடம்புக்கு அதன் 26.3 எவ்வளவு சரி என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இடுப்பளவே எச்சரிக்கைக் கோடு என்று நம் நாட்டு மருத்துவ வல்லுநர்கள் 2009இல் வகுத்திருக்கிறார்கள். அதற்குச் சமன்பாடு வேண்டாம், மடக்கை வேண்டாம். 91 என்பது 90ஐவிட அதிகம் என்று தெரிந்தால் போதும்.

இரவில் மூன்று முறை எழுந்து தண்ணீர் குடிப்பதை அப்பா, பகலெல்லாம் இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் சூடு என்றே சொல்லி வந்தார். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் பணியாளர் எங்கள் வீதிக்கு வரும்போதெல்லாம், 'வயசானவங்களுக்குப் பாருங்க' என்று ஆத்தாவைக் காட்டிவிட்டு அவர் இயந்திரத்தில் உட்கார்ந்துகொள்வார். இந்த முறை நான் விடவில்லை. விரல் நுனியில் ஒரு துளி. எண்ணைப் பார்த்த அந்தச் சகோதரி, 'அண்ணா, நாளைக்கே வெறும் வயித்துல ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துருங்க' என்றார். சர்க்கரை நோய். இன்னும் கண்ணையும் சிறுநீரகத்தையும் தொடவில்லை என்று மருத்துவர் சொன்னார். அப்பாவுக்கு வயது 46. எனக்கு இன்னும் ஓராண்டுப் படிப்பு பாக்கி. தங்கை பத்தாம் வகுப்பு. ஊசியில் நூல் கோக்கும் கண்கள்தான் எங்கள் குடும்பத்தின் முதல்.

ஐந்து மாதமாக மாத்திரை, மாலையில் ஊரைச் சுற்றி ஒரு நடை, இராத்திரிச் சோற்றுக்குப் பதில் கம்போ ராகியோ, அதுவும் அளவாக. வயிறு 87க்கு வந்திருக்கிறது. ஞாயிறுதோறும் காலையில் அவரே அளந்து, துணிவெட்டும் மேசையின் ஓரத்தில் சாக்குக் கட்டியால் எழுதிவைக்கிறார். பெரியப்பா மகன் காவலர் தேர்வுக்குப் படிக்கிறான்; மார்பு விரிவு 6 செ.மீ. வருகிறது என்று பெருமை.

நண்பர்களில் யாருக்கேனும் அளந்து பார்க்க விருப்பம் இருந்தால், கண்ணாடி இழை டேப் என் பையில் எப்போதும் இருக்கிறது. மதிய இடைவேளையில் இயற்பியல் ஆய்வகத்து வராந்தாவில் கிடைப்பேன். வீட்டிலேயே அளப்பதானால், காலையில் சாப்பிடுவதற்கு முன், சட்டையைக் கழற்றி, தொப்புள் மட்டத்தில் டேப் தரைக்கு இணையாக, மூச்சைச் சாதாரணமாக விட்ட பின் அளக்கவும். மூன்று முறை அளந்து சராசரி எடுக்கவும். பேண்ட் அளவை எழுதிக்கொண்டு வர வேண்டாம். தங்களை அளந்து முடித்ததும் வீட்டில் ஒல்லியாக இருக்கிற பெரியவர் யாரேனும் இருந்தால், அவரையும் ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள்.